ஊர் இரண்டுபட்டால்: பிளந்த நாடு பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை பேப்பர் மேசையைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டு அரசியல் கதைப்போம். தேர்தல் காலத்தில் சத்தம் சந்திவரை கேட்கும். நாடு ஏன் இப்படிப் பிளந்து கிடக்கிறது, இதை ஒட்டவைக்கலாமா என்பதைச் சுற்றியே கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வருகிறவற்றையும் நான் சொல்லிவருகிற பதில்களையும் எழுதி வைக்கிறேன். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். என் பதில்களை அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட நாள் ஒன்றுகூட இல்லை.

துருவமயமாதல் என்கிறார்களே, அது என்ன? கருத்து வேறுபாடு என்று சொன்னால் போதாதா?

போதாது. சந்தியில் சிலை வைப்பதா, வடிகால் வெட்டுவதா என்று அடிபட்டால் அது கருத்து வேறுபாடு. வடிகால் கேட்கிறவன் இனத்துக்கே ஆகாதவன் என்று முடிவுகட்டி, அவன் வீட்டுச் செத்தவீட்டுக்கும் போகாமல் விட்டால் அது துருவமயமாதல்.

அமெரிக்காவில் 1960இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் பிள்ளை மற்றக் கட்சிக்காரரைக் கலியாணம் செய்தால் மனவருத்தப்படுவீர்களா? ஓம் என்றவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர். 2010இல் அதையே கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரரில் ஏறத்தாழப் பாதிப்பேரும், ஜனநாயகக் கட்சிக்காரரில் மூன்றில் ஒரு பங்கினரும் ஓம் என்றார்கள். சம்பந்தம் பேசப் போகும்போது சாதி, ஊர், சமயம் எல்லாம் விசாரிக்கிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்கள் அந்தப் பட்டியலில் கட்சியையும் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் அவர்கள் பிரச்சினையும் எங்கள் பிரச்சினையும் ஒன்றா?

இல்லை. அங்கே சண்டை பிடிக்கிற இரண்டு பேரும் ஒரே மொழியில் சண்டை பிடிக்கிறார்கள். ஒருவர் ஏசுவது மற்றவருக்கு விளங்குகிறது. இங்கே அந்த வசதியும் இல்லை. எங்கள் பிள்ளைகள் முதலாம் வகுப்பிலிருந்தே மொழிவாரியாகப் பிரிந்த பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள், மொழிவாரியாகப் பிரிந்த செய்தியைக் கேட்கிறார்கள். அதற்கு மேல் 26 வருஷ யுத்தம். அமெரிக்கப் புத்தகத்தில் இருக்கிற மருந்தை அப்படியே இங்கே கொண்டுவந்து பூசினால் பிடிக்காது.

இங்கே பிளவு எப்போது தொடங்கியது? 1956இலா?

அப்படிச் சொல்வதுதான் வழக்கம். நான் இன்னும் முப்பது வருஷம் பின்னால் போவேன்.

1926இல், ஒக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் சிங்களச் சட்டத்தரணி யாழ்ப்பாணம் வந்து, இலங்கைக்குச் சமஷ்டிதான் சரி என்று பேசினார். அவரை மேடையேற்றியது இங்கத்தைய வாலிபர் காங்கிரஸ். வந்தவரின் பெயர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், பிழையாகச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

அந்த வாலிபர் காங்கிரஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நாங்களே அதை மறந்துவிட்டோம். ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1920களில் தொடங்கியது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். சாதி பாராட்டக்கூடாது, சிங்களமும் தமிழும் இரண்டும் படிக்கவேண்டும், வெள்ளைக்காரனிடம் அரைகுறை ஆட்சி வாங்கக்கூடாது என்றார்கள். முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. தெற்கும் சேரும் என்று எதிர்பார்த்தார்கள். தெற்கு சேரவில்லை. 1934இல்தான் அந்த இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. முழு இலங்கைக்குமாக யாழ்ப்பாணம் ஒருக்கால் தனியே நின்று பார்த்திருக்கிறது. அதன் கசப்பு பிறகு வந்தவர்களின் அரசியலில் இருந்தது என்பது என் எண்ணம்.

சுதந்திரத்தின் பிறகு முதல் வெட்டு மலையகத் தமிழருக்கு விழுந்தது. 1948, 1949 சட்டங்கள் அவர்களுடைய குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அந்த விடயத்தில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து, 1949 டிசம்பரில் செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது. ஆக, நாடு பிளந்த அதே கையோடு நாங்களும் பிளந்தோம்.

இத்தனை ஒப்பந்தம் எழுதினார்களே, ஒன்றுகூட ஏன் நிலைக்கவில்லை?

பாசையூரில் விடியப்புறம் மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? கூறு ஒன்றுதான். பக்கத்தில் நிற்கிறவன் கூட்டிக் கேட்கிறான் என்பதற்காகவே இவனும் கூட்டிக் கேட்பான். தென்னிலங்கையின் இரண்டு பெரிய கட்சிகளும் எங்கள் விடயத்தில் இப்படித்தான் ஏலம் கேட்டன.

1957 ஜூலையில், பிரதமராக இருந்த பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் தமிழ்ப் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் கொடுக்க ஒப்பந்தம் செய்தார்கள். எதிர்க்கட்சியில் இருந்த யூ.என்.பி.யின் (ஐக்கிய தேசியக் கட்சி) ஜே.ஆர். ஜெயவர்த்தன அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து குந்த, ஒப்பந்தம் போயிற்று. 1965இல் அதே யூ.என்.பி.யின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். இந்த முறை எதிர்த்தது பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி. 1987இல் இந்தியாவோடு ஒப்பந்தம் செய்தவர் முன்பு கண்டிக்கு நடந்த அதே ஜே.ஆர். எதிர்த்தவை சுதந்திரக் கட்சியும் ஜே.வி.பி.யும் (மக்கள் விடுதலை முன்னணி). 2000 ஆகஸ்டில் சுதந்திரக் கட்சியின் ஜனாதிபதி சந்திரிகா புதிய அரசியலமைப்பு வரைபைக் கொண்டுவந்தபோது யூ.என்.பி.யினர் அதன் பிரதியைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே எரித்தார்கள்.

ஆட்களைக் கவனியுங்கள். ஆட்சிக் கதிரையில் இருக்கும்போது தீர்வு வேண்டும் என்கிறவர் எதிர்ப்பக்கத்துக்குப் போனதும் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்கிறார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடிகளே ஊரை இரண்டாக வைத்துக்கொண்டார்கள்.

தமிழர் பக்கத்தில் இந்த ஏலம் நடக்கவில்லையா?

நடந்தது. எங்கள் ஏலத்தில் கேட்கப்பட்ட விலை 'துரோகி' என்ற சொல்.

1975 ஜூலையில் யாழ்ப்பாண மேயராக இருந்த அல்பிரட் துரையப்பா பொன்னாலைப் பெருமாள் கோயிலடியில் சுடப்பட்டார். அவர் அரசாங்கப் பக்கம் நின்றவர், சுட்டது சரி என்று அன்று பலர் சொன்னார்கள். சரி, அமிர்தலிங்கம்? 1977இல் தமிழீழத்துக்கு ஆணை கேட்டு 18 ஆசனம் வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் முன்னணித் தலைவர், எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர். 1989 ஜூலையில் கொழும்பில் தமிழ் இளைஞர்களின் கையாலேயே செத்தார். அதே வருஷம் செப்டெம்பரில் யாழ். பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். எல்லாப் பக்கத்து அநியாயத்தையும் எழுதியவர் அவர்.

இப்போது துவக்கு இல்லை, ஆனால் சொல் இருக்கிறது. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ரொறொன்ரோவிலிருந்து ஒரு மச்சான் போன தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டார். மருமகன் ஒருவன் உண்மையைச் சொன்னான். பத்து நிமிஷத்தில் அந்தச் சொல் வந்துவிட்டது. பெடியன் குழுவிலிருந்து விலகினான். அவனுக்குப் பிள்ளை பிறந்து வந்த முப்பத்தொராம் நாள் சடங்குக்கு அந்த மச்சான் வீட்டிலிருந்து வாழ்த்துகூட வரவில்லை.

சாதாரண சிங்களச் சனம் எங்களை வெறுக்கிறதா?

இந்தக் கேள்விக்கு எனக்கு இரண்டு சம்பவங்கள்தான் பதில்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு தெற்கில் ஒரு நகரத்தில் என் அடையாள அட்டை தொலைந்துபோனது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால்தான் புதியது எடுக்கலாம். உள்ளே இருந்தவர் இளம் பெடியன். எழுந்து கதிரை இழுத்துத் தந்தார். நான் தமிழிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் சொல்ல, அவர் பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போனார். இடையில் அவர் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். கடைசியில் பேனையைத் தந்து விரலால் இடம் காட்டினார். கையெழுத்து வைத்தேன். வெளியில் வந்து நண்பரிடம் காட்டினால், பஸ்ஸில் தவறவிட்டேன் என்று நான் சொன்னது வீட்டில் வைத்துத் தொலைந்ததாக எழுதியிருக்கிறது.

அந்தப் பெடியனுக்கு என்மேல் துளி வெறுப்பும் இல்லை. பிழை அவருடையது மட்டுமும் இல்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. சட்டம் அந்த மேசைவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அன்று தொலைந்தது அட்டையாக இல்லாமல் பிள்ளையாக இருந்திருந்தால்? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தங்களுக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வைத்து வருஷக்கணக்காகச் சிறையில் கிடந்தவர்களும் என்னைப்போல இப்படித்தான் பேனையை வாங்கியிருப்பார்கள்.

மற்றது, குறிகட்டுவான் படகு. நயினாதீவுக்கு நானும் மனைவியும் அம்மனைக் கும்பிடப் போனோம். பௌர்ணமிப் போயா விடுமுறை. படகில் பாதிக்கு மேல் வெள்ளை உடுத்த சிங்களச் சனம், விகாரைக்குப் போகிறவர்கள். எங்களுக்கு நயினாதீவு, அவர்களுக்கு நாகதீப. பெயர்ப்பலகையில் எந்தப் பெயரைப் போடுவது என்பதே தனிச் சண்டை, அது கிடக்கட்டும். காற்று அடித்துப் படகு ஒருக்கால் சரிந்தது. பக்கத்தில் இருந்த வயதான பெண் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எத்தனை பிள்ளைகள் என்று விரலால் கேட்டார். மனைவி மூன்று விரல் காட்டினார். கொஞ்சம் பொறுத்து ஒன்றை மடக்கினார். அந்தப் பெண் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்வரை கையையும் விடவில்லை.

பொய்ச் செய்திதான் எல்லாவற்றுக்கும் காரணம், முகநூலை மூடினால் சரி என்கிறார்களே?

மூடிப் பார்த்தார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று கதை கட்டினார்கள். பரிசோதித்தால் மாக்கட்டி. ஆனால் அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனயில் பற்றியது. அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கும் பங்குண்டு என்று 2020இல் முகநூல் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

ஆனால் 1958, 1983 இனக்கலவரங்களின்போது முகநூல் இருந்ததா? வாய்வழியாகவே தீ பரவியது. பொய் வேலை செய்வது, மற்றப் பக்கத்தில் ஓர் ஆளிடம் தொலைபேசி எடுத்து 'அங்கே உண்மையில் என்ன நடந்தது' என்று கேட்க வழியில்லாத இடத்தில்தான். உங்கள் போனில் எத்தனை சிங்கள, முஸ்லிம் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். எனக்கு நாலு. அதில் ஒருவர் மேசன்.

2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணமே ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்தது. பிளவு முடிந்துவிட்டதா?

அப்படிக் கொழும்பில் எழுதினார்கள். இங்கே மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அவர்களுக்குப் போனது உண்மை, தென்னிலங்கைக் கட்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் வந்தது அதுதான் முதல் தரம் என்பதும் உண்மை. மற்ற மூன்றும் தமிழரசு, தமிழ்க் காங்கிரஸ், ஒரு சுயேச்சைக் குழு என்று ஒவ்வொன்றாய்ப் போயின. ஆனால் வாக்குச்சீட்டைப் பார்த்தீர்களா? நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள். பட்டியலுக்கு ஒன்பது பேர். தமிழ் வாக்கு தூள் தூளாகியது.

அதோடு விருப்பு வாக்கு என்று ஒரு வினை இருக்கிறது. கட்சிக்குப் புள்ளடி போட்டபிறகு அதே கட்சியில் மூன்று பேருக்கு இலக்கம் போடலாம். ஆகவே வேட்பாளருக்கு உண்மையான எதிரி அடுத்த கட்சிக்காரன் இல்லை, தன் சுவரொட்டியில் பக்கத்தில் சிரிக்கிறவன். ஒரே கட்சி ஆட்கள் இரவில் ஒருவர் சுவரொட்டியை மற்றவர் கிழித்ததைச் சந்தியில் எல்லோரும் கண்டோம். இதில் சலித்துத்தான் பலர் தேசிய மக்கள் சக்தியின் பக்கம் போனார்கள். ஆறு மாதத்தில், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் காற்று தமிழ்க் கட்சிகள் பக்கம் திரும்பிவிட்டது. மூன்று ஆசனத்தை வைத்து இனப்பிரச்சினை தீர்ந்தது என்று கணக்குப் போட்டவர்கள், அதிகாரப் பகிர்வு என்று 1987 ஒப்பந்தத்தோடு வந்த மாகாண சபையை நினைத்துப் பார்க்கட்டும். வட மாகாண சபைக்கு முதலும் கடைசியுமாகத் தேர்தல் நடந்தது 2013இல். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அப்புறம் தேர்தலே இல்லை.

அரகலயவில், அந்த 2022 மக்கள் எழுச்சியில், சிங்களவரும் தமிழரும் ஒன்றாக நின்றார்களே?

நின்றார்கள், 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சியும் காய்ச்சினார்கள். 1956இல் எங்கள் தலைவர்கள் சத்தியாக்கிரகம் இருந்து அடிவாங்கிய அதே திடல். எனக்குக் கண் கலங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் அசையவில்லை. '90களில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடி, சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட எங்களை அன்று யார் கேட்டார்கள்? இப்ப பெற்றோல் வரிசை வந்ததும்தான் ஞாபகம் வந்ததோ?' என்றார். அவர் கேட்டதிலும் பிழை இல்லை.

நல்லிணக்கம் என்றால் நடந்ததை மறப்பதா?

முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சக் காலம் ஓய்வாக விடலாம். பெயர்ப்பலகையிலும் கருத்தரங்கு பதாகையிலும் கிடந்து தேய்ந்துபோன சொல். தையிட்டியில் சனங்களின் காணியில் விகாரையைக் கட்டி எழுப்பிவிட்டு, போயாவுக்குப் போயா காணிக்காரர் வீதியில் நின்று கேட்கும்போது நல்லிணக்கத்தைக் குழப்பவேண்டாம் என்றால், அது அவர்கள் காதில் 'வாயைப் பொத்து' என்றுதான் விழும்.

ஆனால் துக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டு 1984இல் யாழ்ப்பாணத் தாய்மார் அன்னையர் முன்னணி அமைத்துக் கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். 1990இல், ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கியபோது காணாமற்போன பிள்ளைகளுக்காகத் தெற்கிலும் தாய்மார் அதே பெயரில் கிளம்பினார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் இன்னும் முடியவில்லை. இந்த மூன்று கூட்டத்துக்கும் கேள்வி ஒன்றுதான்: என் பிள்ளை எங்கே? இதற்குப் பதில் சொல்லாமல் ஒட்டவைப்பதைப் பற்றி அவர்களிடம் கதைக்க எனக்கு வாய் வராது.

எல்லாம் அவர்கள்தான் செய்யவேண்டுமா? எங்கள் பக்கத்தில் ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். சோனகத் தெரு ஒரே நாளில் வெறுமையானது. அன்று நான் இளம் ஆசிரியன். என் வகுப்பில் மூன்று மேசை காலியானது, நான் இடாப்பில் கோடு இழுத்துவிட்டு அடுத்த பாடத்தை நடத்தினேன். அதைப் பற்றி வாய் திறக்க எனக்குப் பதினைந்து வருஷம் எடுத்தது. திரும்பி வந்த குடும்பங்கள் காணி உறுதிக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் அலைந்தபோது எங்களில் எத்தனை பேர் கூடப்போனோம்?

சாதியைப் பற்றி இங்கே தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடமாட்டோம் என்று நின்றவர்களும் நாங்கள்தான்.

கலந்து பழகினால் வெறுப்புக் குறையும் என்கிறார்களே?

குறையும், எல்லாக் கலப்பிலும் இல்லை. கோர்டன் ஓல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே நிபந்தனை சொல்லிவிட்டார்: இரண்டு பேரும் சமமாக இருக்கவேண்டும், ஒரே இலக்குக்காகச் சேர்ந்து வேலை செய்யவேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை ஆதரிக்கவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஒருமுறை தெற்கிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு நடனம், ஒரு மதியச் சாப்பாடு, ஒரு குழுப்படம். பெயர் கேட்கவும் நேரம் இருக்கவில்லை.

வட அயர்லாந்தைப் பாருங்கள். எங்கள் நூலகம் எரிந்த அதே 1981இல், கத்தோலிக்கப் பிள்ளைகளையும் புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்திப் படிப்பிக்க பெல்ஃபாஸ்ட்டில் பெற்றோரே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 28 பிள்ளைகள். அரசாங்கம் தொடங்கித் தரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சமாதான ஒப்பந்தம் வந்தது 17 வருஷம் கழித்து, 1998இல். இன்றைக்கும் அங்கே பெரும்பாலான பிள்ளைகள் தனித்தனியேதான் படிக்கிறார்கள், இரு பக்கத்தையும் பிரிக்கும் மதில்களும் நிற்கின்றன. ஆனாலும் அந்தப் பள்ளிக்கூடங்கள் பெருகியிருக்கின்றன.

அப்போ நாங்களும் சிங்களம் படிக்கவேண்டுமா? அவர்கள் தமிழ் படிக்கிறார்களா?

இந்தக் கேள்வி வந்தால் அன்றைய கூட்டம் முடிந்தமாதிரித்தான். 1956இல் கட்டாயப்படுத்தியதை இப்போது நாமாகப் படிப்பதா என்று ஒருவர் எழும்புவார். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. பொலிஸ் நிலையத்துப் பேனைக்குப் பிறகுதான், 54 வயதில், எழுத்துக்கூட்டத் தொடங்கினேன். அவர்கள் தமிழ் படிக்கவேண்டும் என்று கேட்கிற உரிமையை அதனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதையும் இப்போது சிங்களத்திலேயே கேட்கிறேன், அவ்வளவு வித்தியாசம்.

நினைத்த அளவு கஷ்டம் இல்லை. அக்கா அங்கேயும் அக்காதான். கடை 'கடே', கூலி 'குலிய', காணிக்கு 'இடம' என்பார்கள், எங்கள் இடம்தான். வாக்குறுதிக்குச் சிங்களத்தில் 'பொரொந்துவ' என்று சொல்கிறார்கள். அது எங்கள் 'பொருந்து' என்ற சொல்லிலிருந்து போனது என்று படிப்பித்த டீச்சர் சொன்னபோது வகுப்பில் இருந்த ஒரு கிழவர், 'சொல்லைக் கொண்டுபோனவங்கள் சரி, பொருந்தினதைத் திருப்பித் தரேல்லையே' என்றார். டீச்சர் தென்னிலங்கைக்காரி. முதலில் சிரித்தவர் அவர்தான்.